வீடு நனையாது, வழி அடைபடும்: வெள்ளத்தில் துண்டிக்கப்படும் ஊர்களைக் கணக்கெடுப்பது எப்படி

வெள்ள அபாய வரைபடத்தில் நீல நிறம் பூசிய இடத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நீலத்துக்கு நடுவே வெள்ளையாக விட்டுப்போன திட்டுகளை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் திட்டில் இருக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் மூன்று நாளைக்கு அங்கிருந்து ஆம்புலன்ஸ் வெளியே போகாது, மருந்து உள்ளே வராது. நிவாரணப் பட்டியலிலும் அந்த ஊரின் பெயர் இருக்காது. ‘பாதிக்கப்படாத பகுதி’ என்று எழுதிவிட்டால் அதோடு முடிந்தது.

இந்த ஊர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து, எது முதலில் திணறும் என்று வரிசைப்படுத்தும் முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறோம். அடிப்படை எளிது. ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு நேரத்தைக் கணக்கிட வேண்டும். வழி எத்தனை மணி நேரம் அடைபட்டிருக்கும் என்பது ஒன்று. அந்த ஊர் வெளி உதவி இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது இன்னொன்று. முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் அந்த ஊர் ஆபத்தில் இருக்கிறது. தண்ணீரின் ஆழத்தை மட்டும் அளந்துவிட்டு இந்த இரண்டு நேரத்தையும் விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

ஊர் என்பதை எப்படி வரையறுப்பது

நிர்வாக எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஊராட்சிக்குள் ஓடைக்கு இந்தப் பக்கம் இருபது வீடும் அந்தப் பக்கம் இருநூறு வீடும் இருந்தால், வெள்ளத்தின் கணக்கில் அவை இரண்டு ஊர்கள். ஒரே வழியை நம்பியிருக்கும் வீடுகளை ஒரு தொகுதியாக எடுங்கள். தோட்டத்து வீடு, செங்கல் சூளைக் குடியிருப்பு, விடுதி, முதியோர் இல்லம் போன்றவை தனித்தனியாக இருந்தால் தனித்தனியாகவே குறியுங்கள். பத்துப் பேர் மட்டுமே இருக்கிறார்கள் என்று பெரிய ஊரோடு சேர்த்துவிட்டால், அந்தப் பத்துப் பேரும் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள்.

பிறகு ஒவ்வொரு தொகுதியும் எந்தெந்த இடங்களைச் சார்ந்திருக்கிறது என்று எழுதுங்கள்: அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை, டயாலிசிஸ் மையம், மருந்துக்கடை, எரிபொருள் நிலையம், சரக்கு வரும் கிடங்கு, மேட்டுநிலத் தங்குமிடம், துணை மின்நிலையம், குடிநீர் ஏற்றும் இடம். ‘ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது’ என்று சொன்னால் அங்கே இரவில் மருத்துவர் இருப்பாரா, ரத்தம் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். கட்டடம் இருப்பதும் சேவை கிடைப்பதும் வேறு வேறு.

வழியின் மிகத் தாழ்ந்த புள்ளி

ஒரு சாலை 12 கிலோமீட்டர் நீளம் இருந்தாலும் அதை மூடுவது 20 மீட்டர் நீளமுள்ள ஒரே பள்ளம்தான். எனவே சாலை முழுவதையும் அளக்கத் தேவையில்லை. தாழ்ந்த புள்ளிகளைக் கண்டுபிடித்தால் போதும். தரைப்பாலங்கள், குழாய் பதித்த சிறுபாலங்கள், ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகள், பெரிய பாலங்களின் இருபுற அணுகுசாலைகள் ஆகியவைதான் பெரும்பாலும் அந்தப் புள்ளிகள். பெரிய பாலத்தைப் பார்த்து ஏமாறுவது சகஜம். பாலத்தின் தளம் ஆற்றுக்கு ஆறு மீட்டர் உயரத்தில் கம்பீரமாக நிற்கும். அதற்கு 400 மீட்டர் முன்னால், வயல் மட்டத்தில் போகும் அணுகுசாலை முதல் நாளிலேயே முழுகிவிடும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் கட்ட உயர வரைபடத்தை வைத்து இந்தப் புள்ளிகளின் மட்டத்தை முடிவு செய்யாதீர்கள். அதன் செங்குத்துப் பிழை மீட்டர் கணக்கில் வரும். நமக்குத் தேவை 10 சென்டிமீட்டர் துல்லியம். மரக்கிளையின் உச்சியைத் தரை என்று காட்டுவதும், பாலத்தையே அடையாளம் தெரியாமல் ஆற்றுப் பள்ளமாகக் காட்டுவதும் அதில் உண்டு. எங்கே போய் அளப்பது என்று முதற்கட்டமாகத் தேடுவதற்கு அதைப் பயன்படுத்துங்கள். அளப்பதற்கு லெவல் கருவியும் அளவுக்கட்டையும், அல்லது திருத்தம் பெறும் வகை ஜிபிஎஸ் கருவியும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். விமானத்திலிருந்து எடுத்த லைடார் தரவு (லேசர் கதிரால் தரையின் உயரத்தை அளந்தது) கிடைத்தால் நல்லது. அப்போதும் தாழ்ந்த ஐந்து புள்ளிகளை நேரில் சரிபாருங்கள். சமீபத்தில் தார் போட்டு உயர்த்திய சாலை பழைய லைடாரில் தெரியாது.

ஒவ்வொரு புள்ளியிலும் சாலையின் நடுமட்டத்தையும் ஓர மட்டத்தையும் பதிவு செய்யுங்கள். சிறுபாலத்தின் குழாய்கள் எத்தனை, விட்டம் எவ்வளவு, அவற்றில் எவ்வளவு மண்ணும் குப்பையும் அடைத்திருக்கின்றன என்பதையும் குறிப்பெடுங்கள். 90 சென்டிமீட்டர் குழாயில் பாதி உயரத்துக்கு மண் இருந்தால், அது ஏறத்தாழ பாதிக் குழாய்தான். வரைபடத்தில் ஆற்று வெள்ளம் எட்டாத இடமாக இருந்தாலும், அடைபட்ட சிறுபாலம் ஒரு மணி நேர மழையிலேயே அந்தச் சாலையை மூடிவிடும்.

சாலை மட்டத்தை ஆற்று அளவுகோலோடு இணைப்பது

சாலை கடல்மட்டத்திலிருந்து 14.30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்ற தகவல் மட்டும் இருந்தால், வெள்ள நேரத்தில் யாருக்கும் பயன்படாது. ‘ஆற்று அளவுகோல் இவ்வளவு காட்டும்போது இந்தச் சாலை மூடப்படும்’ என்று சொல்லும்போதுதான் அது பயன்படும் தகவலாகிறது. கற்பனையான ஓர் ஊரை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மக்கள் தொகை 1,200, வீடுகள் 300, வெளியே போக ஒரே தரைப்பாலம்.

தரைப்பாலத்தின் சாலை மட்டம் 14.30 மீட்டர். அளவுகோல் அங்கிருந்து 6 கிலோமீட்டர் கீழே, ஆறு போகும் திசையில் இருக்கிறது. அதன் பூஜ்யம் 8.00 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெள்ளக் காலத்தில் நீர்ப்பரப்பின் சரிவு கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் என்று பழைய வெள்ளக்குறிகளிலிருந்து தெரிகிறது. ஆகவே தரைப்பாலத்தில் நீர்மட்டம் அளவுகோல் இருக்கும் இடத்தைவிட 1.20 மீட்டர் உயரமாக இருக்கும். 14.30இலிருந்து 1.20ஐயும் 8.00ஐயும் கழித்தால் 5.10. அளவுகோல் 5.10 மீட்டர் காட்டும்போது தண்ணீர் சாலையைத் தொடும்.

இந்தச் சரிவு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. கீழே இன்னொரு ஆறு பெருகி எதிர்த்துத் தள்ளினாலோ, கடல் ஏற்றமாக இருந்தாலோ சரிவு குறைந்து, கணக்கு 30 அல்லது 40 சென்டிமீட்டர் தவறிப்போகலாம். எனவே குறைந்தது இரண்டு பழைய வெள்ளங்களின் குறிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிட எதுவும் இல்லையென்றால், 5.10 என்று எழுதாமல் ‘4.80 முதல் 5.40 வரை’ என்று எழுதுவதே நேர்மை. நடவடிக்கைக்குத் தாழ்ந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஆழத்தில் சாலை மூடப்பட்டதாகக் கொள்வது? சுமார் 30 சென்டிமீட்டர் தண்ணீரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். 60 சென்டிமீட்டர் ஓடும் நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது, வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பயன்படுத்தும் வெள்ள அபாய வகைப்பாட்டில், ஆழத்தையும் (மீட்டர்) வேகத்தையும் (வினாடிக்கு மீட்டர்) பெருக்கிவரும் எண் 0.3க்குள்ளும், ஆழம் 0.3 மீட்டருக்குள்ளும், வேகம் 2 மீட்டருக்குள்ளும் இருந்தால்தான் மக்களுக்கும் வாகனங்களுக்கும் பொதுவாகப் பாதுகாப்பு. பெருக்குத்தொகை 0.6ஐத் தாண்டினால் பெரியவர்களும் நடக்கக் கூடாது. தரைப்பாலத்தில் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் விழுந்து ஓடும். 20 சென்டிமீட்டர் ஆழத்திலேயே வேகம் 2 மீட்டரைத் தொட்டால் பெருக்குத்தொகை 0.4. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் தண்ணீர்தான். இருந்தும் சிறிய வண்டியைத் தள்ளிவிடும். அடியில் சாலை அரித்துப் போயிருப்பதும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. எங்கள் பரிந்துரை, தண்ணீர் சாலையைத் தொட்ட மட்டத்தையே மூடும் மட்டமாக எழுதுவது. வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட ஊர்களில் உயிர்கள் போவது பெரும்பாலும் ‘இன்னும் கொஞ்சம்தான், தாண்டிவிடலாம்’ என்று இறங்கும் இடத்தில்தான்.

எவ்வளவு நேரம் அடைபடும்

இதற்கு நீர்மட்டம் மணிக்கு மணி எப்படி ஏறி இறங்கியது என்ற பதிவு வேண்டும். உச்சமட்டம் மட்டும் இருந்தால் போதாது. நம் உதாரண ஆறு மணிக்கு 15 சென்டிமீட்டர் ஏறி, 5 சென்டிமீட்டர் வீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறியதைவிட மெதுவாக இறங்குவதுதான் ஆறுகளின் பொதுவான இயல்பு.

ஆண்டுக்கு 10 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தில் உச்சம் 6.60 மீட்டர். 5.10இலிருந்து 6.60க்கு ஏற 10 மணி நேரம், திரும்பி இறங்க 30 மணி நேரம். மொத்தம் 40. தண்ணீர் வடிந்தவுடன் சாலை திறந்துவிடாது. சேற்றை வழிக்க வேண்டும், விழுந்த மரத்தை அகற்ற வேண்டும், பாலத்தின் அடித்தளத்தை யாராவது பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதற்கு 12 மணி நேரம் சேர்த்தால் 52. ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தில் உச்சம் 7.50 என்றால் 16 மணி நேரம் ஏற, 48 மணி நேரம் இறங்க, 24 மணி நேரம் சீரமைக்க. ஆக மொத்தம் 88.

இந்த இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். அடிக்கடி வரும் சிறிய வெள்ளம் ஒன்றையும், பதிவில் இல்லாத அளவுக்குப் பெரிய ஒன்றையும் சேர்த்து நான்காகக் கணக்கிடுங்கள். 10 சதவீத வெள்ளம் பத்தாண்டில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 65 சதவீதம். 1 சதவீத வெள்ளம் முப்பதாண்டில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். ‘நூறாண்டு வெள்ளம்’ என்று சொன்னால் நம் காலத்தில் வராது என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். அந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

மாற்று வழி உண்மையில் மாற்றுதானா

சாலை வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு வெள்ள மட்டத்திலும் மூடப்படும் புள்ளிகளை நீக்கிவிட்டு, எந்தத் தொகுதி எந்தச் சேவை மையத்தோடு இன்னும் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் சாலை வலைப்பின்னல் பகுப்பாய்வாக இதைச் செய்யலாம். முப்பது ஊர்களுக்குள் என்றால், பெரிய காகிதத்தில் அச்சிட்ட வரைபடமும் நான்கு வண்ணப் பென்சிலும் போதும். சொல்லப்போனால் காகிதத்தில் செய்வதுதான் மேல். ஊர்க்காரர்கள் அதன்மேல் குனிந்து, ‘இந்தப் பாதை மழைக்காலத்தில் இல்லை’ என்று விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள்.

மென்பொருள் இரண்டு வழி காட்டும். அவை இரண்டும் ஒரே ஓடையை வெவ்வேறு இடத்தில் கடந்தால் அது ஒரு வழிதான், ஒரே மழையில் இரண்டும் மூடும். மாற்றுவழி மண்சாலையாக இருந்தால் வெள்ளம் எட்டாவிட்டாலும் கனரக வண்டி புதையும். மலைச்சாலையாக இருந்தால் அதே மழையில் மண் சரியும். குறுகிய பாலத்துக்கு எடைக் கட்டுப்பாடு இருந்தால் ஆம்புலன்ஸ் போகலாம், தண்ணீர் லாரி போக முடியாது. சுற்றிப் போகும் தூரத்தையும் நேரமாக மாற்றி எழுதுங்கள். வழக்கமாக 25 நிமிடத்தில் மருத்துவமனைக்குப் போகும் ஊர், சுற்றிப் போனால் 110 நிமிடம் என்றால், பிரசவ ரத்தப்போக்கு உள்ள ஒருவருக்கு அது துண்டிக்கப்பட்டதற்குச் சமம்.

வழி என்றால் சாலை மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். 2007 ஜூலையில் இங்கிலாந்தின் டியூக்ஸ்பெரி நகரைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்தபோது, அருகிலிருந்த மைத் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் முழுகியது. அதனால் ஏறத்தாழ 3,50,000 பேருக்குக் குழாய்த் தண்ணீர் நின்றது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் வெள்ளமே இல்லை. 2019 மார்ச்சில் இடாய் புயலுக்குப் பிறகு மொசாம்பிக்கின் பெய்ரா நகருக்குப் போகும் நெடுஞ்சாலை வெள்ளத்தில் அறுபட்டது, தொலைத்தொடர்பும் நின்றது. உள்ளே என்ன நிலைமை என்றே வெளியே தெரியாமல் போனது. மின்கம்பி, குடிநீர்க் குழாய், கைபேசிக் கோபுரம் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு சாலையைப் போலவே பாவித்து, அதன் மிகத் தாழ்ந்த, மிகப் பலவீனமான புள்ளி எது என்று தேடுங்கள். கோபுரம் மேட்டில் இருக்கும், அதற்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மர் பள்ளத்தில் இருக்கும்.

எந்த வகைத் தீவு

சூழப்பட்ட எல்லா இடமும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் அவசரத் திட்டமிடலில் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள், நாமும் அதைப் பின்பற்றலாம்.

முதல் வகை முழுகும் தீவு. முதலில் வழி அடைபடும், பிறகு தண்ணீர் ஏறி வீடுகளையும் மூடும். இதுதான் மிகக் கொடியது. வழி மூடும்வரை ஊர் காய்ந்து கிடப்பதால் மக்கள் கிளம்ப மாட்டார்கள். கிளம்ப வேண்டும் என்று தோன்றும்போது வழி இருக்காது. இரண்டாவது முழுகாத் தீவு. வழி அடைபட்டாலும் எவ்வளவு பெரிய வெள்ளத்திலும் எல்லோரும் நிற்க இடமிருக்கும். இங்கே கேள்வி தாங்கும் நேரம் மட்டுமே. மூன்றாவது, சாலை ஊரிலிருந்து தொடர்ந்து மேடேறிப் போகும் ஊர். தண்ணீர் ஏற ஏற மக்கள் பின்வாங்கிக்கொண்டே போகலாம். நான்காவது, வாகனம் போகாவிட்டாலும் நடந்து மேட்டுக்குப் போக முடிகிற ஊர். இங்கே நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் முக்கியமான எண்.

நம் உதாரண ஊரில் மிகத் தாழ்ந்த வீட்டின் தரை, அளவுகோலில் 7.20 மீட்டருக்குச் சமம். சாலை மூடுவது 5.10இல். இடைவெளி 2.10 மீட்டர், மணிக்கு 15 சென்டிமீட்டர் வீதம் 14 மணி நேரம். 10 சதவீத வெள்ளத்தில் இது முழுகாத் தீவு போல இருக்கும். 1 சதவீத வெள்ளத்தில் கீழ்த்தெரு முழுகத் தொடங்கிவிடும். ஒரே ஊர் வெவ்வேறு வெள்ளத்தில் வெவ்வேறு வகையாக மாறும் என்பதால், வகையை வெள்ள மட்டத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

வெளியேற்ற வேண்டிய ஊர் என்றால் இன்னொரு கணக்கும் வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநில முறையில் எச்சரிக்கையை நம்ப ஒரு மணி நேரம், மூட்டை கட்டிக் கிளம்ப ஒரு மணி நேரம் என்று வைக்கிறார்கள். கதவு தட்டிச் சொல்லும் குழு ஒன்று மணிக்கு 12 வீடு பார்க்கும் என்று எடுத்தால், 300 வீட்டுக்கு ஐந்து குழுக்களோடு 5 மணி நேரம். பயணத்துக்கும் தடங்கலுக்கும் ஒரு மணி நேரம். மொத்தம் 8. மணிக்கு 15 சென்டிமீட்டர் ஏறும் ஆற்றில் 8 மணி நேரம் என்றால் 1.20 மீட்டர். ஆக 5.10இல் மூடும் சாலைக்கு, அளவுகோல் 3.90 காட்டும்போதே முதல் கதவைத் தட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் ஊரில் எதுவும் நடந்திருக்காது, வானம்கூட வெளுத்திருக்கலாம். அதனால்தான் இந்த எண்ணை வெள்ளத்துக்கு முன்பே ஊரோடு உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் போய் விளக்க முடியாது.

ஊர் எவ்வளவு நேரம் தாங்கும்

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மனிதாபிமான உதவிக்கான ஸ்ஃபியர் தரநிலைப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். குடிக்கவும் உணவுக்கும் மட்டும் குறைந்தபட்சம் 2.5 முதல் 3 லிட்டர். 1,200 பேருக்கு 15 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 18,000 லிட்டர். மேல்நிலைத் தொட்டி 60,000 லிட்டர் கொள்ளும் என்றால் 80 மணி நேரம் வரும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மின்சாரம் போகும் நேரத்தில் தொட்டி நிறைந்திருக்கும் என்று யார் சொன்னது? பாதியாக எடுத்தால் 40 மணி நேரம். குழாயைத் திறந்துவிட்டு எல்லோரும் குடங்களில் பிடித்து வைத்தால் தொட்டி இன்னும் சீக்கிரம் காலியாகும். ஆனால் அந்தத் தண்ணீர் வீடுகளில் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். கிணறுகளும் கைப்பம்புகளும் மூழ்கும் மட்டத்தைத் தனியாக அளக்க வேண்டும். ஒருமுறை வெள்ளநீர் உள்ளே போன கிணற்றைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும்வரை இல்லாததாகவே கொள்ளுங்கள்.

உணவுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி என்பது நிவாரணக் கணக்கு. கடைகளின் இருப்பைக் கேட்பதைவிட வீடுகளின் இருப்பைக் கேட்பது முக்கியம். தினக்கூலியில் வாழும் வீடு அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கும். இருப்பு சராசரியாக ஆறு நாள் என்று வந்தாலும், கால்வாசி வீடுகளில் ஒரு நாளைக்குத்தான் இருக்கிறது என்ற உண்மையைச் சராசரி மறைத்துவிடும். சமைக்கும் எரிபொருளையும் சேர்த்துக் கேளுங்கள்.

மருத்துவத் தேவைக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். உயிர்ப்பலி அங்கேதான் தொடங்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை போக வேண்டியவர்கள். சராசரி இடைவெளியை எடுக்காதீர்கள். வழி மூடும் நாளே அவருக்கு டயாலிசிஸ் நாளாக இருந்தால் என்று எடுங்கள். அப்போது தாங்கும் நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம். இவர்களைச் சாலை மூடுவதற்கு முன்பே நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆக்சிஜன் தேவைப்படுவோருக்கு 10 லிட்டர் கொள்ளளவு சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 1,500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம்தான். மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் செறிவூட்டி சுமார் 300 முதல் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலும் அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும், ஆனால் கடும் வெயிலில் அல்ல. ஆகவே இன்சுலினில் பெரும்பாலும் சிக்கல் குளிரூட்டுவதில் வருவதில்லை. மாதக் கடைசியில் கையிருப்பு தீர்ந்திருக்கும் என்பதுதான் சிக்கல். ரத்த அழுத்தம், வலிப்பு, மனநல மாத்திரைகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: கையில் எத்தனை நாளுக்கு இருக்கிறது?

கர்ப்பிணிகளைப் பெயர்ப்பட்டியலாக வைத்திருப்பது ஒரு வழி. திட்டமிடலுக்கு இன்னொரு கணக்கும் உதவும். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 18 பிறப்பு என்று எடுத்தால், 1,200 பேர் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 22. 88 மணி நேரத் துண்டிப்பில் ஒரு பிரசவமாவது நேர ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஐந்து ஊர்கள் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டால் அவற்றில் ஏதோ ஒன்றில் பிரசவம் நடக்கும் என்றே தயாராக வேண்டும்.

தொடர்பைப் பொறுத்தவரை, கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி பெரும்பாலும் சில மணி நேரத்துக்கே வரும். ஜெனரேட்டர் இருந்தால் எரிபொருள் தொட்டியின் அளவையும், அதை நிரப்ப வரும் வண்டி எந்தச் சாலையில் வரும் என்பதையும் கேளுங்கள். பல நேரம் அது நாம் மூடும் என்று கணக்கிட்ட அதே சாலையாக இருக்கும்.

கால்நடைகளை விட்டுவிடாதீர்கள். கறவை மாடு ஒன்று நாளொன்றுக்கு 40 லிட்டருக்கு மேல் குடிக்கும். 200 மாடு இருந்தால் 8,000 லிட்டர், நம் தொட்டிக் கணக்கு அங்கேயே ஆட்டம் காணும். மாட்டுக்கு மேட்டிடம் இல்லையென்றால் உரிமையாளர் ஊரைவிட்டுக் கிளம்பவும் மாட்டார்.

வீடு வீடாகக் கேட்க வேண்டியவை

நீண்ட படிவம் வேண்டாம். பத்து நிமிடத்தில் முடிய வேண்டும்.

- இன்றிரவு சாலை மூடினால் வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? பகலில் மூடினால் யார் யார் அந்தப் பக்கம் மாட்டுவார்கள்?
- சமைக்க எத்தனை நாளுக்கு இருக்கிறது? குடிதண்ணீர் எத்தனை குடம்?
- தினமும் தவறாமல் எடுக்க வேண்டிய மருந்து, மின்சாரத்தில் ஓடும் கருவி, மருத்துவமனைத் தேதி ஏதாவது உண்டா?
- துணையில்லாமல் நடக்கவோ படியேறவோ முடியாதவர் உண்டா?
- கடந்த முறை எது முதலில் நின்றது? எது கடைசியில் திரும்பி வந்தது?

முதல் கேள்வியின் இரண்டாம் பகுதியை யாரும் கேட்பதில்லை. பள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தால், பிற்பகல் இரண்டு மணிக்குச் சாலை மூடும்போது குழந்தைகள் அங்கே, பெற்றோர் இங்கே. தண்ணீரில் இறங்கிக் கடக்க முயல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். கடைசிக் கேள்வியை ‘தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது’ என்று மாற்றிக் கேட்காதீர்கள். உயரம் மறந்துபோகும், வரிசை மறக்காது.

மருத்துவ விவரங்கள் தனிப்பட்டவை. ஒப்புதல் வாங்கிக் குறியுங்கள். பெயர்ப்பட்டியல் ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடமும் மீட்புப் பொறுப்பாளரிடமும் மட்டும் இருக்கட்டும். பொது வரைபடத்தில் வெறும் எண்ணிக்கை போதும்.

மதிப்பெண் போடுவது

தண்ணீருக்கு 7, உணவுக்கு 8, மருத்துவத்துக்கு 2 என்று மதிப்பெண் போட்டுச் சராசரி 5.7, ‘நடுத்தரம்’ என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. வீட்டில் நிறைய தானியம் இருப்பது டயாலிசிஸ் இல்லாததை ஈடுகட்டாது.

ஒவ்வொரு சேவைக்கும் அடைபடும் நேரத்தைத் தாங்கும் நேரத்தால் வகுங்கள். 88 மணி நேரத் துண்டிப்பில் தண்ணீருக்கு 88/40, அதாவது 2.2. ஐந்து நாள் உணவு உள்ள வீடுகளுக்கு 88/120, அதாவது 0.7. ஒரு நாள் உணவு உள்ள வீடுகளுக்கு 3.7. 1ஐத் தாண்டிய ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் எத்தனை பேர் விழுவார்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஊரின் நிலை அதன் மோசமான எண்தான், சராசரி அல்ல. டயாலிசிஸ் போலத் தாங்கும் நேரமே இல்லாதவற்றுக்கு வகுத்துப் பார்க்க வேண்டாம். ‘முன்கூட்டியே நகர்த்த வேண்டியவர் இத்தனை பேர்’ என்று எழுதினால் போதும்.

ஆண்டுதோறும் 12 மணி நேரம் துண்டிக்கப்படும் ஊரையும், முப்பதாண்டில் ஒருமுறை ஏழு நாள் துண்டிக்கப்படும் ஊரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்த முயலாதீர்கள். முதல் ஊருக்குப் பழக்கம் இருக்கும், படகும் இருப்பும் இருக்கும். அதற்குத் தேவை சிறுபாலத்தை உயர்த்துவது. இரண்டாவது ஊருக்கு அனுபவமே இருக்காது. அதற்குத் தேவை திட்டமும் ஒத்திகையும்.

சரிபார்ப்பும் எழுதி வைப்பதும்

கணக்கை ஊருக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். பேருந்து ஓட்டுநர், பால் வண்டிக்காரர், தபால்காரர், மின்கம்பியாளர் ஆகியோருக்கு எந்தச் சாலை எந்த வரிசையில் மூடும் என்று மனப்பாடமாகத் தெரியும். அவர்கள் சொல்வதும் நம் கணக்கும் முரண்பட்டால், பத்தில் எட்டு முறை நம் அளவீட்டில்தான் பிழை இருக்கும் என்று எடுத்துக்கொண்டு திரும்பப் போய் அளங்கள். சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள் படங்கள் மேகத்தைத் தாண்டி நீர்ப்பரப்பைக் காட்டும். ஆனால் ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது, உச்சத்தைத் தவறவிடலாம். மரத்தடியிலும் வீடுகளுக்கு நடுவிலும் நிற்கும் தண்ணீரும் அதில் பெரும்பாலும் தெரியாது. படத்தில் நீர் இல்லை என்பதால் வழி திறந்திருந்தது என்று பொருளல்ல.

ஒவ்வொரு ஊருக்கும் கடைசியில் ஒரே ஒரு பக்கம் போதும். நம் உதாரண ஊருக்கு அது இப்படி இருக்கும்: ‘அளவுகோல் 3.50: டயாலிசிஸ், ஆக்சிஜன், பிரசவத் தேதி நெருங்கியவர்களை நகர்த்து. ஜெனரேட்டருக்கு எரிபொருள், மேல்நிலைத் தொட்டி நிரப்பு. 3.90: முழுகும் அளவுக்கு முன்னறிவிப்பு இருந்தால் கீழ்த்தெருவில் கதவு தட்டத் தொடங்கு. 4.50: பள்ளியை விடு, பிள்ளைகள் ஓடையைக் கடந்து வீடு சேரட்டும். 5.10: தரைப்பாலம் மூடப்பட்டது, தடுப்பு வை. 7.20: கீழ்த்தெருவின் முதல் வீட்டில் தண்ணீர்.’ பக்கத்தின் அடியில் படகு கரையேறும் இடம், ஹெலிகாப்டர் இறங்கத் தோதான மின்கம்பியில்லாத சமதளம், மாற்றுத் தொடர்பு முறை, மட்டங்களை அளந்த தேதி ஆகியவை இருக்க வேண்டும்.

அந்தத் தேதி முக்கியம். சாலையை உயர்த்தினால், சிறுபாலத்தை மாற்றினால், கரை கட்டினால், புதிய குடியிருப்பு வந்தால் அந்தப் பக்கம் செல்லாது. உயர்த்திய சாலை அணையைப் போல நின்று, அதற்கு மேல்புறம் உள்ள ஊரின் மட்டத்தையும் மாற்றிவிடும். எனவே திருத்தும்போது பக்கத்து ஊரின் பக்கத்தையும் சேர்த்துத் திருத்துங்கள். மக்கள் பற்றிய எண்களை ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பு புதுப்பியுங்கள். ஒவ்வொரு வெள்ளம் வடிந்த மறுநாளும், சேறு காய்வதற்குள், மின்கம்பங்களிலும் சுவர்களிலும் படிந்த நீர்க்கோட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தேதியெழுதி, லெவல் கருவியால் அளந்து விடுங்கள். அடுத்த மழை அந்தக் கோட்டைக் கழுவிவிடும்.